தொப்பிக்குள் கேட்ட கன்னடம்

வியாழக்கிழமை, பாப்பாரப்பட்டி.

குழந்தைகள் பேச்சை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்க்கும் எங்கள் ஆய்வுக்கு இன்று ஏழெட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று வந்தது. தலையில் மூளை அலைகளைப் பதியும் ஈரத் தொப்பி மாட்டி, ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவிட்டு, நடுவில் மாற்றுவோம். மூளை அதைக் கவனிக்கிறதா என்பது கணினியில் பதிவாகும். தொப்பியைப் போட்டதும் அழுகை. அதன் அம்மா சுதா தமிழில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைத் தயக்கத்தோடு பார்த்துவிட்டு, "அளபேட கந்தா" என்றாள். அழாதே கண்ணே. குழந்தை அடங்கியது.

"எங்கம்மா வூட்ல கன்னடங்க. வூட்டுக்காரரு தமிழு. ரெண்டும் பேசுனா புள்ளைக்குப் பேச்சு வராதுன்னு மாமியா சொல்றாங்க. நிறுத்திடட்டுங்களா?"

"வேண்டாங்க. புள்ளைங்க ரெண்டையும் கத்துக்கும். பேசுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. என் அம்மாவும் என்னைக் கந்தா என்றுதான் கூப்பிடுவாள். குளிப்பாட்டும்போதும் தலை வாரும்போதும் கன்னடம்தான். நான் பள்ளிக்கூடம் போனதும், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அப்பா நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டாள்.

அறைக்கு வந்ததும் அரூரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஊட்டா ஆய்த்தாம்மா?" சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது.

அம்மா, "என்ன சாமி, உடம்பு சரியில்லையா?" என்றாள், தமிழில்.

மறுபடியும் கன்னடத்திலேயே கேட்டேன். மெல்ல அவளும் கன்னடத்தில் பேசத் தொடங்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. போனை வைக்க மனமே வரவில்லை.