மொட்டைமாடியில் ஒரு கார்பன் கூண்டு

ஏப்ரல் 9, செவ்வாய்

கல்லூரி ஆய்வகத்தின் புறஊதா விளக்கு இன்று உயிரை விட்டது. புதிது வேண்டும் என்று நெறியாளரிடம் போய் நின்றேன். "விருதுநகர்ல இருந்துக்கிட்டு வெளிச்சத்துக்கு விளக்கு கேக்கியேம்மா" என்றார். மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. அதற்குள் நான் செய்யும் கார்பன் கூண்டு வந்தாக வேண்டும். இல்லையென்றால் ஐந்து வருட ஆராய்ச்சி அம்போ.

ஆகவே மஞ்சள் கரைசலைக் குடுவையில் அடைத்து, வீட்டு மொட்டைமாடியில் வைத்தேன். வெளிச்சம் பட்டால் மூலக்கூறின் இரண்டு முனைகளும் மடங்கி ஒட்டிக்கொண்டு கூண்டாகும். கூண்டானால் மஞ்சள் போய்விடும்.

அம்மா: "ஏடி ஹர்ஷினி, மஞ்சத்தண்ணிய யாருக்கு ஊத்தப் போற?"

ஏப்ரல் 13

நிறம் போய்விட்டது. தண்ணீர் மாதிரி நிற்கிறது. இதற்கு வெயிலே போதும் என்று எத்தனையோ பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு விளக்குக்கு அலைந்தவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 26

கூண்டில் தொங்கிய இரண்டு ஆக்சிஜனையும் கழற்றியாயிற்று. இனி கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும். வெள்ளை மெழுகு, கற்பூர வாசனை. அப்பாவுக்கு நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி. அவருக்கு ஒரே கேள்விதான்.

"வெடிக்குமா?"

"வெடிக்காதுப்பா."

"பின்ன எதுக்கு?"

ஐந்து வருடம் இதோடு மல்லுக்கட்டியவள், "அழகா இருக்கும்ப்பா" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

காலையில் மெழுகைக் காயவைக்க வெற்றிடப் பம்பில் மாட்டிவிட்டு, இதோ வந்துவிடலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். காரியாபட்டியிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை செந்தூர்பாண்டி, எண்ணெய் வியாபாரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டுப் பேசி அவர்கள் கிளம்ப மாலையாகிவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் — குடுவை காலி. துடைத்துக் கவிழ்த்த மாதிரி.

பதங்கமாகிவிட்டது. கற்பூரம் போல, திடத்திலிருந்து நேரே ஆவி. பம்பு உறிஞ்சிவிட்டது. போன வியாழன்தான் இதை மாணவிகளுக்கு நடத்தினேன், கையை ஆட்டி ஆட்டி. எனக்கெல்லாம் எவன் டாக்டர் பட்டம் குடுப்பான்?

ஏப்ரல் 29

"கல்யாணத்துக்கு அப்பறம் ஆராய்ச்சிய விட்டுருவாளான்னு கேக்காக" என்றாள் அம்மா. விட்டுருவேன்னு சொல்லும்மா என்றேன். விட என்ன இருக்கிறது? அதுதான் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டதே.

மே 12

விடவில்லை. புது மஞ்சள் கரைசல் மாடியேறிவிட்டது. அம்மாவிடம் "சும்மா" என்றேன். அப்பா குடுவையைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மே 15

தேர்வுக் கண்காணிப்பு. மதியம் வானம் கறுத்து, காற்றோடு கொட்டத் தொடங்கியது. மாடியில் குடுவை. உருண்டால் போச்சு. அறையை விட்டு நகரவும் முடியாது. மாணவிகளை விட்டுவிட்டு மழையைத்தான் கண்காணித்தேன். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து வெளிப்படியில் ஏறினால் மாடியில் குடுவை இல்லை. படியில் உட்கார்ந்து அழுதேன் — முப்பது வயசுல, தொப்பலா நனைஞ்சு. வெளங்கும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு இறங்கினால், அப்பா. மடியில் துண்டு சுற்றிய குடுவை. மேகம் கூடியதுமே, கம்பெனியில் காயப்போட்டதை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு, நாரணாபுரத்திலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஒரு சொட்டு உள்ள போகலம்மா."

இறுக மூடிய குடுவைக்குள் மழை எப்படிப் போகும்?

"வெடிக்காதுன்னியே, நெசந்தானே?"

எவ்வளவு நேரமாக அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தாரோ.

மே 29

இந்தமுறை பம்பின் பக்கமே போகவில்லை. மதுரையிலிருந்து, மூலக்கூறின் வடிவத்தைக் காட்டும் என்.எம்.ஆர். முடிவு வந்தது. கார்பன் பதினொன்று, கூண்டு சரியாக மூடியிருந்தால் சமச்சீர் காரணமாக ஆறு கோடுதான் தெரிய வேண்டும். ஆறேதான். விரல் விட்டு எண்ணினேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. நெறியாளர் தாளைப் பார்த்துவிட்டு, "எழுத ஆரம்பி" என்றார்.

ஜூன் 2, ஞாயிறு

காரியாபட்டியிலிருந்து போன். நிச்சயதார்த்தத்துக்கு நாள் கேட்டார்கள். அம்மா போனை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லுத்தா."

"ஆராய்ச்சிய விடமாட்டேங்க. அன்னைக்கு விடுறேன்னு சொன்னது தப்பு" என்றேன். நாள் ஏதும் குறிக்காமலே "சரிங்க" என்று வைத்துவிட்டார்கள். அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள்.

மாலையில் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை எழுதினேன். தலைப்பிலேயே எழுத்துப் பிழை. திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.