மூன்றாம் ஓலை

ஜூன் 11, செவ்வாய்

நோராவுக்கு உடம்பு சுடுகிறது. அப்பா மறுபடியும் பேத்தியைக் கடலில் இறக்கியிருக்கிறார். நான் ஆபீஸிலிருந்து வரும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதானே சொன்னேன்? ஜட்டி முழுக்க மணல். கேட்டால், "நாலு வயசாவுதுடி. அலையப் பாத்து மிரளாம வளரட்டும். உன்ன மாதிரி ஆயிடப்போறா" என்று சிரிக்கிறார்.

அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயரானவர். இன்னமும் அரை டிராயர், விசில், ஸ்கூட்டர். நோரா அவரை 'காஸ்பர்' என்று பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அவரே பழக்கியது.

தெர்மாமீட்டரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன். நூறுதான்.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது ஆலிஸ் அக்கா பிடித்துக்கொண்டார். "உங்கப்பா வீடு மாத்திட்டாரா? பட்டினப்பாக்கத்துல துணி காயப் போட்டுக்கினு இருந்தாரே."

மீன் வறுவல் கடை போட்டிருக்கும் சான்ட்ராவின் வீடு. கோயிலில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் இன்றைக்கு.

அப்பா மறைக்கக்கூட இல்லை. "ஆமா. அங்கதான் கீறேன். நிம்மதியா கீது. உனக்கு இன்னா?"

எனக்கு என்னவா.

ஜூன் 19

சொல்லிவிட்டேன். கோயிலில் வைத்து முறைப்படி கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நோராவைப் பார்க்க வராதீர்கள் என்று. அப்படி ஒரு வீட்டில் என் குழந்தை போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

செய்ய மாட்டார். எனக்குத் தெரியும். அம்மாவைக் கட்டிய அன்றைக்கே மண்டபத்திலிருந்து நண்பர்களோடு மகாபலிபுரம் போனவர் அவர். சட்டை பட்டன் போடச் சொன்னாலே கோபம் வரும். இந்த வயதில் மாலையும் மோதிரமுமா?

ராத்திரி என் வீட்டுக்காரர் மேத்யூ கேட்டார்: "செய்ய மாட்டார்னு தெரிஞ்சுதானே கேட்டே?"

நோராவுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஜூன் 24

அப்பா வரவில்லை. நோரா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்கூட்டராகப் பார்க்கிறாள்.

ஜூலை 2

முழுக்கால் சட்டை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வாசலில் நிற்பது யார் என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. "ஃபாதராண்ட எழுதிக் குடுத்தாச்சுடி. வர்ற ஞாயித்துக்கெழம பூசைல மொத கல்யாண ஓலை. மூணு வாரம் வாசிச்சு முடிஞ்சதும் கல்யாணம். இப்பவாவது புள்ளய இட்டுனு வா."

நோரா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். நான் கேட்டதுதானே நடந்திருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

முதல் ஓலை. நற்கருணை வாங்கி எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஃபாதர் வாசித்தார். மறைந்த பிலோமினாவின் கணவர் காஸ்பருக்கும், மறைந்த துரைராஜின் மனைவி சான்ட்ராவுக்கும். தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் மாமியார் ஜெபமாலையை உருட்டியபடியே, "பேத்தி புதுநன்மை வாங்கறதுக்குள்ள தாத்தா மாப்பிள்ளை" என்றார்.

அம்மாவின் பெயரை அந்தப் பெயரோடு சேர்த்து வாசித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 10

சான்ட்ரா வந்தார். கழுவிச் சுத்தம் செய்த வஞ்சிரம், மஞ்சள் தடவி டப்பாவில். உட்காரச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து நோராவுக்குத் தலை பின்ன ஆரம்பித்துவிட்டார். நல்லவர்தான். அதுதான் எரிச்சல்.

பின்னிக்கொண்டே சொன்னார். "உன்னாண்ட மறைக்கக்கூடாது கண்ணு. நாளைக்கு நானும் உனக்கு ஒரு அம்மா மாதிரி. அவரு சாவல."

எனக்குப் புரியவில்லை.

"எம்புருசன். சுனாமில போனார்னு எழுதிக் குடுத்தாங்க. நானும் அழுதேன். வருசம் கழிச்சு மங்களூர்லர்ந்து போன். அங்க ஒரு குடும்பம் கீதாம். நான் செத்ததாவே இருக்கட்டும், தேடாதேன்னு வச்சிட்டாரு. காஸ்பருக்குத் தெரியும். இப்ப உனக்கு. அவ்ளோதான்."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தார்.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாம் ஓலை. 'தடை ஏதும் அறிந்தவர்கள்' என்றபோது தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா முன் வரிசையில் முழுக்கால் சட்டையோடு. முழந்தாளிட்டிருந்தார். அவர் முழந்தாளிட்டு நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 17

நோராவைக் கூட்டிவரப் பட்டினப்பாக்கம் போனேன். அப்பா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய ஒரே சிரிப்பு. "பாத்தியா டெல்பி, உங்கம்மாவுக்கு ஒரு நாளாவது இப்டி உக்காந்து உரிச்சிருப்பனா?"

விளையாட்டாகத்தான் சொன்னார்.

உரித்ததில்லை, அப்பா. ஒரு நாள்கூட இல்லை. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகக் கிடந்தபோது நீங்கள் ஏற்காட்டில் பையன்களோடு கேம்ப். அம்மாவுக்குச் செய்ய முடியாதது இவளுக்கு மட்டும் எப்படிச் செய்ய முடிகிறது?

ஜூலை 20, சனி

ஃபாதரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

திருமணத்துக்குத் தடை இருக்கிறது, துரைராஜ் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். யார் சொன்னது என்றார். சான்ட்ராவே என்றேன். ஃபாதர் ஓலைப் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, "பாவசங்கீர்த்தனமா சொல்றியா, அது என்னோட போயிடும். இல்ல, முறையீடா சொல்றியாம்மா?" என்றார்.

முறையீடு.

கடமை என்றுதானே அவரே வாசித்தார்? தெரிந்தும் மறைத்தால் எனக்கும் பாவம் இல்லையா? பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது நோராவுக்கு ஷூ வாங்கினேன். நன்றாகப் பசித்தது.

ஜூலை 21, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. கண் தானப் படிவத்தைப் பூர்த்தி செய்து தரும்படி அறிவித்துவிட்டு ஃபாதர் ஆசீர் கொடுத்துவிட்டார். முன் வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை.

ஜூலை 23

அப்பா வந்தார். கத்துவார் என்று நோராவை அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன்.

"நீயா?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"அவ உன்ன நம்பி சொன்னா."

"நான் சொல்லச் சொல்லலையே."

தலையை ஆட்டினார். கோயிலுக்காக வாங்கிய கறுப்பு ஷூவின் லேஸை உட்கார்ந்து கட்டினார். புது லேஸ் வழுக்கி அவிழ்ந்து அவிழ்ந்து போனது. "சரி. புள்ளய ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்."

"கோயில்ல கட்டிக்கிட்டு வந்தா பாக்கலாம்னு சொன்னேன். அது அப்படியேதான் இருக்கு."

எப்படிச் சொன்னேன் அதை? சொல்லியிருக்கிறேன். என் குரல்தான்.

உள்ளே நோரா கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். பிறகு படியில் இறங்கிப் போனார்.

ஆகஸ்ட் 18

கோயில் ஜெபக் குழுவான மரியாயின் சேனையிலிருந்து சான்ட்ராவை எடுத்துவிட்டார்களாம். ஆலிஸ் அக்கா சொன்னார். "நாங்க அவகிட்ட மீன் வாங்கறதையும் நிறுத்திட்டோம்மா. உனக்குத்தான் நன்றி சொல்லணும்."

மாமியார் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார் இப்போதெல்லாம்.

அக்டோபர் 5

நோரா வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். மூன்று பேர். காஸ்பர் எங்கே என்று மிஸ் கேட்டதற்கு, "செத்துட்டார்" என்றாளாம். யார் சொன்னது என்றேன். "நீதான் அவரப் பத்திப் பேசவே கூடாதுன்னியே" என்றாள்.

மேத்யூ அன்றைக்கு என்னோடு சாப்பிடவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை. கேக் கொடுக்கத்தான். மேத்யூ அவர் அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார். நோராவை மட்டும் கூட்டிக்கொண்டு பட்டினப்பாக்கம் படியேறினேன்.

அப்பாதான் கதவைத் திறந்தார். இளைத்திருந்தார். நோரா ஒரு விநாடி என் புடவைக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு போனாள். "வாடி என் ராணி" என்று தூக்கிக்கொண்டார். உள்ளே சான்ட்ரா கரண்டியோடு நின்றார், என்னைப் பார்க்காமல்.

அப்பா நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க. டீ சாப்பிடுறீங்களா?" என்றார்.

அந்த 'ங்க'வைக் கேட்டு, மேத்யூ வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை.