ஆணியில் தொங்கும் ரொட்டி

தாஷ்கண்ட்
4 மே 1998

அன்புள்ள லோர்னா,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு ஆணை வந்துவிட்டது. தூதரே காலையில் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் தூதரக வேலையில் எங்களை வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஜூன் கடைசியில் வருகிறேன். இந்த முறை ஒரேயடியாக.

வீட்டுக்கார ரொபியா அக்கா நாளை மகள் ஊருக்குப் போகிறார், நான் கிளம்புவதற்குள் திரும்புவாரா தெரியாது. அதனால் இன்றே எனக்கு வழியனுப்பு. ஒரு ரொட்டியை நீட்டி, "ஒரு வாய் கடிச்சுட்டுக் குடு தம்பி" என்றார். பயணம் போகிறவர் கடித்ததை இங்கே ஆணியில் மாட்டி வைப்பார்கள். திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும்.

"நான்தான் திரும்பி வரப்போறதில்லையே அக்கா."

"அப்ப எங்க மேல கோவமா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. முகத்துக்கு நேரே மறுத்துப் பழகாத தொழில் என்னுடையது. கடித்துவிட்டேன்.

உன்
எவரெட்

டுலூத்
26 மே 1998

அன்புள்ள எவரெட்,

உன் கடிதத்தைத் தங்கை ஹாரியட்டுக்குப் படித்துக் காட்டினேன். "போன தடவையும் இதையேதானே எழுதுனாரு?" என்று சிரித்தாள். "இந்தத் தடவ சட்டமே அனுப்புதுடி, வராம எங்க போவாரு?" என்றேன்.

அங்காராவில் உன் வேலை முடிந்ததோடு, ஊர் ஊராக உன் பின்னால் வருவதை நிறுத்தினேன். அதன்பிறகு ஒரு கோடை முழுக்க நீ இங்கே இருந்ததில்லை. படுக்கையறைக்கு வண்ணம் அடித்திருக்கிறேன். கட்டிலில் உன் பக்கத்து விளக்கு இப்போது எரிகிறது.

ரொட்டி விஷயம்தான் பிடிக்கவில்லை. இங்கிருந்து கிளம்பும்போது நீ எதையும் மிச்சம் வைப்பதில்லை; காப்பிக் கோப்பையைக்கூடக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவாய்.

உன்
லோர்னா

தாஷ்கண்ட்
15 ஜூன் 1998

அன்புள்ள லோர்னா,

இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். வாஷிங்டனிலிருந்து தந்தி வந்தது. எனக்குப் பதிலாக வர வேண்டியவர் தாமதம். ஓய்வு பெற்றவரை ஒப்பந்தத்தில் அழைக்க விதி இருக்கிறதாம். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தூதரிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்துவிட்டது.

மகள் ஊரிலிருந்து திரும்பிவிட்ட ரொபியா அக்கா ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்து வந்து, "பாத்தியா, போகவே விடல!" என்றார். தேநீரில் நனைத்துத் தின்றோம்.

டிசம்பரில் நிச்சயம்.

உன்
எவரெட்

டுலூத்
7 ஜூலை 1998

எவரெட்,

உறுதியான செய்தி: அப்பா எனக்கு எழுதிவைத்த இந்த வீட்டை விற்றுவிட்டேன். இந்த முறை உறுதியாகச் சொல்பவள் நான். இனி ஹாரியட்டோடு இருப்பேன். கோபமில்லை. உன் வீடு எது என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று அடுப்படியில் நின்று நானும் ஒரு ரொட்டியைக் கடித்துப் பார்த்தேன். வாங்கி மாட்டி வைக்க ஆள் இல்லை. முழுவதையும் நானே தின்றேன்.

உன் புத்தகப் பெட்டிகள் மட்டும் கூடத்தில் இருக்கின்றன. புதியவர்கள் ஆகஸ்ட் முதல் தேதி குடிவருகிறார்கள். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதற்குள் எழுது.

லோர்னா