நான்கு மூலை மஞ்சள்

ஓகஸ்ட் 12, 2025 – செவ்வாய்

முப்பத்தொரு பார்சல். ஒன்று திரும்பி வந்தது. விலாசத்தில் மாடி இலக்கம் இல்லை. என் பிழையல்ல, ஆனாலும் பதிந்து வைக்கிறேன்.

காலையில் ஒரு தாய் கேட்டிருந்தாள்: பிள்ளை பிறந்து பதினெட்டு நாள், உங்கள் ஆட்டுப்பால் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்க்கலாமா? நூறு நாள் போகட்டும், அதுவரை வெறும் வெந்நீர் போதும் என்று எழுதினேன். விற்கத் தெரியாதவள் என்று அண்ணா சொல்லுவார். பின்னேரம் அவள் தனக்கென்று ஆறு கட்டி வாங்கினாள்.

எங்கள் கடை இருக்கும் சீன இணையத் தளத்தில் வாடிக்கையாளரை 'அன்பே' என்று விளித்துத்தான் பதில் எழுத வேண்டும், அது அங்கத்தைய வழக்கம். இருபத்தாறு வருடத்தில் இவரை நான் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. சொன்னேன். "அப்ப நானும் ரெண்டு சவர்க்காரம் வாங்கிறன்" என்றார் இவர்.

கணக்குக் கொப்பி இரண்டு – ஒன்று வீட்டுக்கு, ஒன்று கடைக்கு. வீட்டுக் கொப்பியில் சவர்க்காரம் என்ற வரியே கிடையாது. மூலை உடைந்த கட்டிகள் எங்களுக்கு.

இன்று அண்ணா வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்: "இந்த முறை பதினொண்டு பதினொண்டு நல்லாப் போனால் கொம்பனியில உன்ர பேரும் போடுவம், ராணி. டிரெக்டர்."

பதினோராம் மாதம் பதினோராம் திகதி. சீனாவில் பெரிய விற்பனை நாள்.

அண்ணாவின் சவர்க்காரம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தூசி பிடித்துக் கிடந்தது. சீனப் பெண்கள் மட்டும் பன்னிரண்டு பன்னிரண்டாக வாங்கிப் போகிறார்கள் என்று கொப்பியைப் பார்த்துக் கண்டுபிடித்தது நான். ஏன் என்று கேட்டதும் நான். "ஊருக்கு அனுப்புகிறோம்" என்றவள்தான் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி லின். பள்ளியில் ஓ.எல். சோதினையோடு படிப்பு நின்றவள், நாற்பத்தெட்டு வயதில் லைப்ரரிக்குப் போய்ச் சீன எழுத்துகளைப் பழகினேன். ஐந்நூறு தெரியும். மிச்சத்துக்கு ரெலிபோன் மொழிபெயர்க்கும், பிழையை லின் திருத்துவாள். கடையைத் திறந்து, விலை வைத்து, படம் எடுத்து – எல்லாம் இந்த ஹோம்புஷ் வீட்டில், சமைக்கிற குசினி மேசையில்.

டிரெக்டர் யோகராணி. எழுதிப் பார்த்தேன். பிறகு வெட்டினேன். முருகா, இது ஆசையா? எந்தப் படிவத்திலும் தொழில் என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுக் கொடுத்தவள் நான். ஒரு தடவை கோடு போடாமல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டெம்பர் 5 – வெள்ளி

அண்ணாவின் மகன் அருந்தவன் மெல்பேர்ண் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான். இனிக் கொம்பனியில்தானாம்.

என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "மாமி, ஒவ்வொருத்தருக்கா இருந்து ரைப் பண்ணுறீங்களா? இட்ஸ் டூ தவுசண்ட் ட்வென்டி ஃபைவ், மாமி."

கடையின் கடவுச்சொல்லைக் கேட்டான், பாதுகாப்புக்கு ஒரு பிரதி என்று. வழக்கம்போலத் தாளில் பிள்ளையார் சுழி போட்டு எழுதிக் கொடுத்தேன். "இந்தச் சுழியும் பாஸ்வேர்டில வருமா மாமி?" என்றான். நானும் சிரித்தேன்.

ஒக்டோபர் 3 – வெள்ளி

லின் ஊருக்குப் போய்விட்டாள். தாய்க்குச் சுகமில்லை. அவள் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

ஒக்டோபர் 20 – திங்கள், தீபாவளி

கோயிலில் ஒருவர் கலியாண அட்டை தந்தார். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கையில் வாங்கிய உடனே அந்த மணம்.

அப்போதுதான் தோன்றியது. விற்பனைக்காலப் பார்சல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை வைத்தால் என்ன? அவரவர் பெயரைக் கையால் எழுதி, நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்து. சிவப்பு மையால். சிவப்பு நல்லது, மிக நல்லது என்று லின் தை மாதமே சொல்லியிருக்கிறாள். அவர்கள் புதுவருட உறைகூடச் சிவப்புத்தானே.

அண்ணாவிடம் கேட்டேன். "செய், செய். செலவில்லாத வேலைதானே" என்றார்.

ஒக்டோபர் 23 – வியாழன், சஷ்டி இரண்டாம் நாள்

பாலும் பழமும். தலை லேசாகச் சுற்றுகிறது, கை மட்டும் உறுதி. இன்று எழுபது பெயர் எழுதினேன். விலாசத்தைப் பார்த்து ஒரு கோடும் தப்பாமல். ஒவ்வொரு பெயருக்கும் முன் சரவணபவ.

அந்தத் தாயிடமிருந்து பெரிய ஓடர்! பிள்ளையின் நூறாம் நாளைக் கொண்டாடுகிறார்களாம், வருகிறவர்களுக்குக் கொடுக்க நாற்பது கட்டி. "நீங்கள் நூறு நாள் என்று சொன்னீர்கள், காத்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறாள். பிள்ளையின் பெயரையும் எழுதியிருந்தாள் – ஆன் ஆன். நிம்மதி என்று பொருள்.

தாயின் பெயரை விட்டுவிட்டுப் பிள்ளையின் பெயரையே பெரிதாக எழுதினேன். மஞ்சளும் கொஞ்சம் கூடவே வைத்தேன்.

ஒக்டோபர் 27 – திங்கள், சூரன்போர்

இருநூற்றுப் பதினாலு அட்டை போய்ச் சேர்ந்தாயிற்று தபாலுக்கு. விரதமும் முடிந்தது. மனம் நிறைந்திருக்கிறது.

நவம்பர் 3 – திங்கள்

என்ன செய்துவிட்டேன்.

நவம்பர் 4 – செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை.

அந்தத் தாய் என் அட்டையைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டிருக்கிறாள். கீழே இரண்டு வரி. அதை வாசிக்க எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை: "நூறாம் நாளில் என் பிள்ளைக்குச் சாவு அனுப்பியது யார்? நான் உங்களுக்கு என்ன செய்தேன்?"

ரெலிபோனில் லின்னை எழுப்பினேன். அங்கே விடியற்காலை. படத்தை அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சிவப்பு மையில் பெயர் எழுதுவது செத்தவர்களுக்கு. அல்லது இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எழுதும் கடிதத்துக்கு. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் அது பேய் ஓட்டுகிறவன் ஒட்டும் தாள், ராணி."

"சிவப்பு நல்லது எண்டு நீதானே சொன்னாய்?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"உறை சிவப்பு நல்லது. துணி சிவப்பு நல்லது. பெயர் சிவப்பு இல்லை. ஏன் என்னைக் கேட்கவில்லை?"

அவளுடைய தாய் ஆசுபத்திரியில். அட்டைக்கு மை வாங்குவதைப் பற்றியா கேட்பது என்று விட்டேன். அதுவும் உண்மை. கேட்க ஒன்றுமில்லை, எனக்கே தெரியும் என்று நினைத்ததும் உண்மை. விலையில் நாலு வரக்கூடாது, அங்கே நாலு என்றால் சாவு என்று இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து விலை வைத்தவள், நாலு மூலைக்கும் பொட்டு வைத்தேனே.

பச்சைப் பிள்ளையின் பெயர். எழுதும்போது சரவணபவ சொன்னேனே, முருகா. அப்ப நீ எங்க பாத்துக்கொண்டு நிண்டனீ?

நவம்பர் 5 – புதன்

அறுபத்திரண்டு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். தளம் எங்கள் கடையை விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது.

அண்ணா குசினி வாசலில் நின்றபடியே பேசினார். உள்ளே வரவில்லை. "கோயிலை வீட்டில வைச்சிருக்கோணும். என்ர பார்சலுக்குள்ள ஏன் வைச்சனீ?"

செய் என்று சொன்னது நீங்கள்தானே என்று நான் கேட்கவில்லை.

அருந்தவன், எல்லாருக்கும் ஒரே மன்னிப்பும் இருபது வீதத் தள்ளுபடியும் அனுப்பிவிடலாம் என்கிறான். மெஷின் எழுதுமாம். "விட்டிடுங்க மாமி, ஐ வில் ஹாண்டில்."

பிள்ளைக்குச் சாவு வந்தது என்று அழுகிறவளுக்கு இருபது வீதமா?

நவம்பர் 6 – வியாழன்

அவர்களைக் கேட்கவில்லை. கறுப்பு மையில், கையால், அந்தத் தாய்க்கு எழுதினேன். லின் ரெலிபோனில் ஒவ்வொரு வரியாகத் திருத்தினாள். சாரம் இதுதான்: என் ஊரில் கலியாண அட்டைக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைப்போம். நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அந்த அட்டை போகும். சாவு அட்டைக்கு வைக்க மாட்டோம். உங்கள் மகளின் பெயரை எழுதும்போது நான் விரதம். உங்கள் வழக்கம் தெரியாமல் எழுதியது என் பிழை, கடையின் பிழை அல்ல. பிள்ளை நூறு வருடம் இருக்கட்டும்.

படம் எடுத்து அனுப்பினேன். பிறகு மற்ற இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கும் எழுதத் தொடங்கினேன். அவரவர் பெயரில், கறுப்பில்.

இவர் வெஸ்ட்மீட்டில் வேலை முடிந்து வந்து, என் கையைப் பார்த்துவிட்டுத் தானே சோறு போட்டுக்கொண்டார். அதுவே பெரிது.

நவம்பர் 9 – ஞாயிறு

நூற்று எண்பத்தெட்டு. விரல் மடங்கவில்லை.

பதில் வந்தது! "மாமியார் அட்டையை எரித்துவிட்டார். எரிக்க முதல் நான் மணந்து பார்த்தேன். சமையலறை மணம் வந்தது. கெட்டது நினைக்கிறவர்களின் கையில் அந்த மணம் வராது என்று அப்போதே யோசித்தேன்." ஆன் ஆன் சிரிக்கிற படமும் இருந்தது. பல் இல்லை.

என் கடிதத்தையும் பழைய படத்துக்குக் கீழேயே போட்டிருக்கிறாள். ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள். எங்களுக்கும் அந்த மஞ்சள் அட்டை வேண்டும், பெயர் மட்டும் கறுப்பில் என்று கேட்கிறார்கள்.

சாமியறையில் போய் இருந்து அழுதேன். சத்தமாக. முருகா, திட்டினதுக்கு மன்னிச்சுக்கொள்.

நவம்பர் 11 – செவ்வாய்

தளம் காலையில் கடையைத் திரும்பப் போட்டுவிட்டதாம். லின் சொன்னாள். நான் பார்க்கவில்லை, ஏனென்றால் உள்ளே போக முடியவில்லை.

மூன்று தடவை அடித்தேன். திரையில் ஆறு சீன எழுத்து: கடவுச்சொல் பிழை. எல்லாவற்றையும் வாசிக்க முடிகிறது. நானே பழகிய எழுத்துகள்.

அருந்தவனுக்கு எடுத்தேன். "ஜஸ்ட் ஃபோர் ருடே, மாமி. பிஸியான நாள், ரிஸ்க் எடுக்க ஏலாது. நீங்க ரெஸ்ட் எடுங்கோ."

இன்னும் இருபத்தாறு பேருக்கு எழுத இருந்தது. எழுதினேன். அனுப்ப வழியில்லை. மேசையில் இருக்கின்றன.

நவம்பர் 16 – ஞாயிறு

இரண்டாயிரத்து நானூறு கட்டி. ஒரே நாளில். நாங்கள் ஒரு மாதம் விற்கிற அளவு. அண்ணா கேக் கொண்டு வந்தார்.

"அருந்தவன்ர மூளை" என்றார். "பிழையையே வியாபாரமாக்கிப்போட்டான்."

கேக்கை வெட்டிக் கொடுத்தேன். அண்ணாவுக்குத்தான் பெரிய துண்டு. ஏன்? பழக்கம்.

டிசெம்பர் 7 – ஞாயிறு

நானாகவே கேட்டேன். இரண்டு நாள் வாய்க்குள் வைத்திருந்துவிட்டு, அண்ணா வீட்டு ஹோலில், மச்சாளும் இருக்கும்போது.

"அண்ணா, கொம்பனியில என்ர பேர் போடுறன் எண்டனீங்கள்."

அண்ணா ரிமோட்டை எடுத்து ரி.வி. சத்தத்தைக் குறைத்தார். "பேப்பர் எல்லாம் போன கிழமையே போட்டு முடிஞ்சுது. நானும் அருந்தவனும். நீ எங்கட பிள்ளைதானே, ராணி. உனக்கு என்னத்துக்குப் பேர்?"

மச்சாள் சொன்னா: "பேர் போட்டால் வரிக் கரைச்சலும் வருமெல்லோ."

"கடையை எனக்கு எப்ப திறந்து விடுவீங்கள்? பதில் எழுதோணும்."

"இப்ப மெஷின் எழுதுது. நீ ஏன் கஷ்டப்படுறாய்?"

போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரெயினில் பக்கத்திலிருந்த பெண் ரிஷ்யூத் தாள் ஒன்று தந்தாள். நான் அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கட பிள்ளையாம். ஐம்பது வயதுப் பிள்ளை. பிழை வந்த அண்டைக்கு மட்டும் பிள்ளை இல்லை, அண்டைக்கு அது என்ர பிழை. பேர் சொல்லி என்ர பிழை.

டிசெம்பர் 8 – திங்கள்

கடைக் கொப்பியைக் கூட்டி முடித்து, கடைசி வரியின் கீழ் இரட்டைக் கோடு போட்டேன். ஒரு சதம் பிசகில்லை. அண்ணா வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மணி அடிக்காமல் திரும்பினேன்.

ஜனவரி 15, 2026 – வியாழன், தைப்பொங்கல்

லின் திரும்பிவிட்டாள். தாய் தவறிவிட்டா. கையில் கறுப்புப் பட்டி. பொங்கலைச் சாப்பிட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்தாள். ஊரில் இருந்தபோது எங்கள் – அண்ணாவின் – கடையில் வாங்கினாளாம், பார்ப்பதற்கு.

உள்ளே ஒரு அட்டை. அச்சடித்தது. பெயர் கறுப்பில். நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு, நாலும் ஒரே அளவு, விரல் ரேகைகூட அச்சில் இருக்கிறது. என் விரல்தான், அந்தத் தாய் போட்ட படத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். கீழே சீனத்தில், அண்ணாவின் பெயரோடு: "எங்கள் நிறுவனர் திரு. இரத்தினசிங்கத்தின் குடும்ப ஆசீர்வாதம்."

மணந்து பார்த்தேன். மை மணம்.

"இன்னொன்றும் செய்தேன்" என்றாள் லின். ரெலிபோனைக் காட்டினாள். கடைக்கு அவள் கேட்ட கேள்வி: பிள்ளை பிறந்து பதினெட்டு நாள், பாவிக்கலாமா? ஒரு நொடியில் பதில். "நிச்சயமாக, அன்பே! மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்."

அண்ணாவுக்கு உடனே எடுத்துச் சொன்னேன். இதையாவது நிறுத்துங்கோ என்றேன்.

"ஆருக்கும் ஏதும் நடந்ததே? நல்ல நாளதுவுமாத் தொடங்காதை, ராணி."

பெப்ரவரி 1 – ஞாயிறு, தைப்பூசம்

கோயிலில் சரியான சனம். அண்ணா காவடி பார்க்க நின்றார். என்னைக் கண்டு கிட்ட வந்து, "கோவமோ?" என்றார்.

"இல்லை, அண்ணா."

"அப்ப ஏன் வீட்டுப் பக்கம் காணேல்லை? உடைஞ்ச கட்டி ஒரு பெட்டி கிடக்கு உனக்கு. வந்து எடன்."

"ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் வழியில் இவரை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டுச் சாமான் கடைக்குள் போனேன்.

வீட்டுக் கணக்கு: பால் – 4.60. வாழைப்பழம் – 3.20. மஞ்சள் தூள் – 2.95. குளிக்கிற சவர்க்காரம், மூன்று கட்டி – 5.50.