கோதுமைக் கப்பலில் போன அண்ணனுக்கு

என் அருமை அண்ணே,

அப்பா போய்விட்டார். பங்குனி வெயிலில், மத்தியானச் சாப்பாடு முடித்துக் கை கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன், உயிர் இல்லை. இந்தச் செய்தியை உனக்கு வேறு யார் சொல்வார்கள்?

அவர் இருந்தவரை உன்னைப் பற்றிப் பேச முடிந்ததில்லை. உன் பெயரை எடுத்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அதனால் நீ எப்படி இறந்தாய் என்பது கீழ்வேளூர்ப் பக்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. புயலில் போனான் என்று மட்டும் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை என்று சொல்லத்தான் ஊர் கேட்க இதை எழுதுகிறேன்.

நீ கப்பலிலிருந்து கடைசியாக லீவில் வந்த தை மாதம் நினைவிருக்கிறதா? ஆட்சி மாறிக் கறுப்பு சிவப்புக் கொடிகள் தெருவெல்லாம் பறந்துகொண்டிருந்த காலம். மிராசுதார், நாம் மூன்று தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத நிலத்தை விட்டுவிடச் சொல்லியிருந்தார். அப்பா மறுத்தார். கதிர் முற்றி நின்றது. யார் அறுப்பது என்பதுதான் சண்டை. வெளியூரிலிருந்து அறுப்பு ஆள் வரப்போகிறது என்று பேச்சு. வரப்பில் விவசாயிகள் சங்கத்துக் கொடி. பள்ளிக்கூடத்தில் போலீஸ்.

அந்த நேரத்திலும் அப்பா உன்னிடம் கப்பல் கதை கேட்டார். வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே, "அவ்ளோ பெரிய இரும்பு எப்புட்றா மெதக்குது?" என்றார்.

நீ சிரிக்காமல் சொன்னாய். "அடியில முதுகெலும்பு மாதிரி ஒண்ணு நீளமா ஓடும்பா. அதுலேருந்து ரெண்டு பக்கமும் விலா எலும்பு மாதிரி சட்டம் எழும்பும். அதுமேல தகடு. உள்ள பூரா காலி. தன் எடைக்குச் சமமா தண்ணிய ஒதுக்கித் தள்ளிட்டா மெதந்துடும். நடுநடுவுல குறுக்குச் சொவரு வச்சிருப்பாங்க. ஒரு அறையில தண்ணி பூந்தாலும் அடுத்த அறைக்குப் போகாது."

"அலையடிச்சா சாயாதா?"

"சாயும். சாயுற பக்கம்தான் தண்ணியில அதிகமா முழுவும். அந்தப் பக்கத்துத் தண்ணி கீழேருந்து நெட்டித் தள்ளி நிமுத்திடும். ஆனா ஒண்ணு, உள்ள இருக்கற கனம் வச்ச எடத்துலயே இருக்கணும். தானியம்தான் மோசம்பா. மூட்டை கட்டாம அப்படியே கொட்டி, அறையும் ரொம்பாம இருந்துச்சுன்னா, கப்பல் சாயறப்ப தானியமும் அந்தப் பக்கம் சரிஞ்சிரும். அப்பறம் நிமுராது."

அப்பா சோற்றுக் கையோடு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு உன்மேல் எவ்வளவு பெருமை என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

மறுநாள் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். நீ போய் வயலில் இறங்கி நின்றாய். மிராசுதாரின் ஆள் ஒருவன் அரிவாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உன்னை நோக்கி வந்ததை அப்பா பார்த்துவிட்டார். ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்து, வீடுவரை விடவில்லை.

"இன்னைக்கே கப்பலுக்குக் கெளம்பு."

"லீவு இருக்குப்பா. உங்கள இப்புடி விட்டுட்டு நா எங்க போறது?"

"அங்க காத்தும் தண்ணியுந்தான்டா. இங்க மனுஷன் இருக்கான். போயிடு, கலியா."

உன் பெட்டியை அவரே தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். ரயில் கிளம்பும்வரை உன் கையை விடவில்லை. திரும்பி வந்ததும், "தப்பிச்சிட்டான்" என்று என்னிடம் சொன்னார். எவ்வளவு நிம்மதி அந்த முகத்தில்!

பிறகு கம்பெனிக்காரர்களிடமிருந்து தந்தி வந்தது. எதிர்பாராத புயல், கப்பல் மூழ்கிவிட்டது என்று இருந்தது. அப்பா நம்பவில்லை. எங்கேயாவது கரையேறியிருப்பான் என்றார்.

சில மாதம் கழித்து நாகப்பட்டினத்திலிருந்து செல்வராசு வந்தார். உன்னோடு அதே கப்பலில் எஞ்சின் அறையில் இருந்து, உயிர் தப்பியவர். ஒரு கை சரியாக மடங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் எங்களுக்கு எல்லாம் தெரிந்தது.

சரக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்த நீ, கோதுமை ஏற்றும்போதே சண்டை போட்டிருக்கிறாய். இரண்டு அறைகள் அரைகுறையாக நிரம்பியிருந்தன. நடுவில் தடுப்புப் பலகை அடிக்க வேண்டும், மேலே மூட்டைகளை அடுக்கி அமுக்க வேண்டும் என்று கேட்டாயாம். கேப்டன் ஓர் அறைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். இன்னொன்றுக்கு நேரமில்லை என்றுவிட்டார். கடலில் மூன்றாம் நாள் காற்று பிடித்தது. பெரிய புயல்கூட இல்லையாம். கப்பல் இடது பக்கம் சாய்ந்தது, நிமிரவில்லை. நீ செல்வராசுவையும் மற்ற ஆட்களையும் கூட்டிக்கொண்டு, பலகை அடிக்காத அந்த அறைக்குள் இறங்கி, சரிந்த கோதுமையை மண்வெட்டியால் வாரி மேட்டுப்பக்கம் தள்ளியிருக்கிறாய். தள்ளத் தள்ளச் சரிந்திருக்கிறது.

"இனிமே முடியாதுன்னு தெரிஞ்சதும் எங்கள மேல ஏறச் சொன்னாருங்கய்யா. ஏணியப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா ஏத்திவிட்டாரு. நாந்தான் கடைசி. எனக்குப் பின்னால வந்துட்டாருன்னு நெனச்சேன். கப்பல் அப்பத்தான் பொரண்டுச்சு."

அப்பா கேட்டார். "எம்புள்ளைக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியுங்கய்யா."

"தெரிஞ்சும் ஏன் ஏறுனான்?"

"நானும் கேட்டேங்கய்யா. நா எறங்குனா வேற ஆளப் போடுவாங்க, அந்த ஆளுக்கு இது தெரியலன்னா என்ன பண்றதுன்னாரு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு, "அவனா ஏறல. நாந்தான் ஏத்திவிட்டேன்" என்றார். அதன்பிறகு உன்னைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அண்ணே, நிலம் நமக்கே நின்றது. வழக்கு நெடுக நடந்து, குத்தகை அப்பா பெயரில் பதிவானது. தீர்ப்பு வந்த அன்று சங்கத்துக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். அவர் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். அறுவடைக்குக் களத்துக்கு வருவார், தூற்றுவார். நெல்லைக் குவித்துக் குவியலின் ஓரம் சரிய ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். ஆட்களுக்கு ஏன் என்று புரியாது. நானும் சொன்னதில்லை.

உனக்குத் திதி கொடுக்க அவர் விடவே இல்லை. "பொணத்தப் பாக்காம எள்ளு எறைக்க மாட்டேன்" என்பார். ஆடி அமாவாசைக்கு ஊரே கடற்கரைக்குப் போகும்போது நம் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். நீ செத்துவிட்டாய் என்று ஒத்துக்கொண்டால், தான் அனுப்பியதையும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பயந்தாரோ? அவர் உன்னைக் காப்பாற்றத்தான் அனுப்பினார். அதை அவரிடம் எத்தனை தடவை, எப்படிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்?

பலகை அடிக்க நேரமில்லை என்றவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புயல் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. நாற்றங்கால் காய்ந்து கிடக்கிறது. ஒற்றை ஆளாகத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

வருகிற ஆடி அமாவாசைக்கு நான் நாகப்பட்டினம் போகிறேன். பெண் பிள்ளை திதி கொடுக்கக் கூடாது என்றார் ஐயர். கொடுக்கத்தான் போகிறேன். செல்வராசு தன் படகில் அலை தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறார். அப்பா பெயரையும் உன் பெயரையும் சேர்த்தே சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவேன். அவர் உன்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்தால் அவர் கையைப் பிடித்துக்கொள், அண்ணே. 'உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அப்பா' என்று நீயே அவரிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.

அப்பாவுக்கும் உனக்கும் மிஞ்சிய ஒரே ஆள்,
உன் தங்கச்சி தனம்