நாற்பது மாடும் ஒரு செட்டரும்

ஆகஸ்ட் 26, செவ்வாய்

முதல் ஆட்டம். மூன்று செட்டும் நமக்கே. எதிரணிப் பெண்கள் பாவம், பந்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்குள் அது தரையில் கிடக்கிறது. எல்லாம் ப்ரிட்டா வந்த யோகம். வாலிபாலில் அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் ஒருத்தி சரியாக அமைந்துவிட்டால் மற்ற ஐந்து பேருக்கும் ஓரடி உயரம் கூடிவிடுகிறது. ஜோடி என்கிற எங்கள் கோச் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "மேடம், இந்த வருஷம் மாநிலப் போட்டிதான், எழுதி வச்சுக்கோங்க" என்றாள். எழுதி வைத்துவிட்டேன்.

ப்ரிட்டா நாற்பது மைல் தள்ளியிருந்து ஜூனில் வந்தவள். பள்ளியில் கடைசி வருஷம். பள்ளி மாறி வருகிறவர்கள் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும் என்பது மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் விதி. குடும்பமே வீடு மாறி வந்திருந்தால் மட்டும் விலக்கு. இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர்களை ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்களே. ப்ரிட்டாவின் அம்மா கார்லாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது, அதனால் வந்தார்கள். ஜூலையில் நானே வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில், திரைச்சீலை, அடுப்பில் உருளைக்கிழங்கு, கொடியில் துணி. எந்த வில்லங்கமும் இல்லை. படிவத்தில் 'குடும்பம் முழுவதும் குடிபெயர்ந்தது' என்ற இடத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பு என்னிடம். ஆட்டத்தில் தோற்றிருக்கிறோம். காகிதத்தில் தோற்றதே இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

நார்விக் பள்ளியை அவர்கள் அரங்கத்திலேயே வைத்து அடித்தோம். அங்கே என் வேலையைப் பார்க்கிறவன் லைல். போன வருஷம் அவன் கால்பந்து அணியில் ஒரு பையன் மாமா வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளே வந்துவிட்டான். தெரிந்ததும் நான்கு வெற்றிகளை அழித்தார்கள். சும்மா விடுவேனா?

"என்ன லைல், இந்த வருஷமாவது பசங்க எல்லாரும் அவங்கவங்க வீட்லதான் தூங்குறாங்களா?"

"வாயப் பாரு! உனக்கும் ஒரு நாள் வரும் கோரின். அன்னிக்கு நான் பாப்கார்ன் வாங்கிட்டு வந்து உக்காந்து வேடிக்கை பாப்பேன்."

"வா வா. வெண்ணெய் நானே ஊத்துறேன்."

முப்பது வருஷப் பழக்கம். இந்த வாய்ச்சண்டை இல்லாவிட்டால் எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

செப்டம்பர் 11, வியாழன்

ஐந்துக்கு ஐந்து. இடுப்பு வலி. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்றோடு ஆறு வெற்றி. இன்று சர்ச் கூடத்தில் வழக்கமான வெள்ளிக்கிழமை மீன் விருந்து. ஊரே அங்கேதான். எங்கள் மேஜையில் கார்லா, ஜோடி, சிகாகோவிலிருந்து புதிதாக வந்திருக்கிற கணக்கு வாத்தியார் தியோ.

தியோ மரியாதைக்குக் கேட்டான்: "உங்க வீட்டுக்காரர் வரலியா?"

"டுவேனா? அவரு அங்கதான். கறவை நேரம்" என்றாள் கார்லா.

"அங்கன்னா?"

"பழைய வீட்ல."

பையன் முகம் சுருங்கிவிட்டது. குரலை இறக்கி, "சாரிங்க, எனக்குத் தெரியாது. பிரிஞ்சுட்டீங்களா?" என்றான்.

மேஜையே குலுங்கிச் சிரித்தது. கார்லாவுக்குப் புரையேறிவிட்டது. "பிரியறதா! நாப்பது மாடு இருக்குப்பா. விடியக்காலைல ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. அதுங்கள யாரு பாக்குறது?" நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவன் முதுகில் தட்டி, "மாடு வச்சிருக்கிறவங்க வீடு மாறினா ஒருத்தர் மாட்டோட இருப்பாங்க தம்பி. இதுகூடத் தெரியாம எங்க ஊர்ல எப்படிக் குப்பை கொட்டப் போற?" என்றேன்.

சொல்லி முடித்ததும் கையில் இருந்த முள்கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மீன் ருசிக்கவில்லை.

செப்டம்பர் 20, சனி

விதிப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, எனக்கு மனப்பாடம். 'குடும்பத்தினர் அனைவரும் பழைய வீட்டைக் காலி செய்திருக்க வேண்டும்.' அனைவரும். மாட்டுக்காரர் நீங்கலாக என்று எங்கேயும் போடவில்லை.

டுவேன் பழைய வீட்டில் தூங்குகிறார், சமைக்கிறார், குளிக்கிறார். வாரத்தில் ஒரு மதியம் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். அப்படியென்றால் அது மாறி வந்த குடும்பம் இல்லை. ப்ரிட்டா ஆடியது செல்லாது. ஆறு ஆட்டமும் செல்லாது.

யாரும் ஏமாற்றவில்லை. அதுதான் கொடுமை. நான் பிறந்ததே பால் பண்ணையில். எங்கள் அப்பா ஒரு கல்யாணத்திலும் கேக் வெட்டுகிற வரை இருந்ததில்லை. மாட்டோடு ஒரு ஆள் தங்குவது எனக்குக் கூரைமேல் ஓடு இருக்கிற மாதிரி, கண்ணிலேயே படவில்லை. படித்தவளாம், பத்தொன்பது வருஷ அனுபவமாம். தூ!

சரி, வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன? யாருக்குத் தெரியும்? — ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் யாருக்கும் உறைக்கல. இன்னும் ஒரு மாசம் உறைக்காம இருந்தா போதும். அந்தப் பொண்ணுக்கு இது கடைசி வருஷம்டி கோரின், கடைசி வருஷம்...

இல்லை. முடியாது. திங்கட்கிழமை நானே சொல்லிவிடுகிறேன். லைல் செய்தால் தப்பு, நான் செய்தால் மறதியா?

செப்டம்பர் 22, திங்கள்

சங்கத்துக்குக் கடிதம் அனுப்பினேன். 'எங்கள் பள்ளி செய்த தவறு, கையெழுத்து என்னுடையது.' அதற்குமேல் பூசி மெழுகப் பிடிக்கவில்லை.

கோச் ஜோடி கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாள். "யாராவது கேட்டாங்களா உங்கள? யாராவது ஒருத்தர் கேட்டாங்களா?" என்று நடைபாதையில் அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

ப்ரிட்டா கத்தவில்லை. என் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தப்ப அப்பா எங்கன்னு கேட்டீங்கல்ல மேடம்?"

"கேட்டேன்."

"பால் கறக்கப் போயிருக்காருன்னு சொன்னேன். நாங்க எதையும் மறைக்கல."

"இல்லம்மா. நீங்க மறைக்கல. நான்தான் சரின்னு எழுதிக்கிட்டேன்."

"அப்ப தப்பு உங்க மேல. உக்காரப் போறது நான்."

பதினேழு வயசு. சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

தலைநகரில் விசாரணை. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். பயந்தெல்லாம் போகவில்லை. தப்பை ஒப்புக்கொள்ள வந்தவளுக்கு என்ன பயம்? கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னேன். கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "டுவேனும் புது வீட்டுக்கு வந்துட்டா?" மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு: ஆறு வெற்றியும் தோல்வியாகக் கணக்கில் ஏறும். ப்ரிட்டா ஆடக்கூடாது. ஆனால் குடும்பம் முழுவதும் குடிபெயர்ந்தால், அந்த நாளிலிருந்து ஆடலாம்.

கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அது போதும் எனக்கு.

அக்டோபர் 1, புதன்

டுவேன் பள்ளிக்கே வந்தார். ரப்பர் பூட்ஸோடு. அலுவலகமே மாட்டுக் கொட்டகையாக மணத்தது. "மாட்டை வித்துடறேன். தரகருக்குச் சொல்லியாச்சு" என்றார், வானிலை சொல்கிற மாதிரி. அப்படிச் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் கசக்கிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக வளர்த்த மந்தை.

ப்ரிட்டாவை வரச் சொன்னேன். கேட்டதும் கொதித்துவிட்டாள்.

"ஒரு மாடு வித்தீங்கன்னாலும் நான் பந்தத் தொட மாட்டேன். சத்தியமா சொல்றேன்ப்பா."

"உனக்காகத்தான்டா..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க! அப்புறம் ஒவ்வொரு சர்வீஸுக்கும் எனக்கு மாடுதான் தெரியும்."

இரண்டு பேரும் ஒரே தாடை, ஒரே பிடிவாதம். ஏன் மாட்டை இங்கேயே ஓட்டி வரக்கூடாது என்று கேட்டேன். கறவை இயந்திரத்தோடு காலிக் கொட்டகை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று டுவேன் திருப்பிக் கேட்டார். இது இப்போது சோள பூமி, பால் பண்ணைகள் அருகிவிட்டன.

அக்டோபர் 3, வெள்ளி

இருக்கிறது! எனக்கே இருக்கிறது. எங்கள் அப்பாவின் கொட்டகை. இயந்திரத்தைக் கொஞ்சம் செப்பனிட்டால் போதும். துள்ளிக் குதித்து வண்டிச் சாவியை எடுத்த பிறகுதான் புத்தி வந்தது. பள்ளிக்கூடத்து ஆள் ஆட்டக்காரியின் குடும்பத்துக்கு உதவினால் அது ஆசை காட்டி இழுத்ததாகிவிடும். அதற்குத் தனி விதி. நான் மட்டுமில்லை, எங்கள் அணிக்காகக் கை தட்டுகிற எவனும் கொடுக்கக்கூடாது. வாடகைக்கு விட்டாலும் சந்தேகம் வரும். இன்னொரு முறை சந்தேகத்துக்கு இடம் வைக்க மாட்டேன்.

பெண்கள் நேற்றும் தோற்றார்கள். ப்ரிட்டா பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 6, திங்கள்

லைலிடமிருந்து ஃபோன். ஆறு தோல்வியில் ஒன்று அவன் பள்ளிக்கு வெற்றியாகப் போயிருக்கிறது. கிண்டல் செய்யத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன், கேட்டுக்கொள்ளத் தயாராகவே இருந்தேன்.

"எங்க தம்பி போன வருஷம் மாட்ட எல்லாம் வித்துட்டான். கொட்டகை சும்மா கெடக்கு. மெஷின் எல்லாம் ஓடுது. உங்க ஊர்ல இருந்து பத்து நிமிஷம். அந்த ஆளுகிட்டச் சொல்லு."

"லைல்... நீ என்ன பண்றேன்னு தெரியுதா? அவ வந்தா உங்களைத்தான் அடிப்பா."

"தெரியும்மா. எங்களுக்கு எதிரா ஆடப் போற பொண்ணுக்கு நான் ஆசை காட்டினேன்னு எவன் சொல்லுவான்? ரூல்புக்க எடுத்து நீயே தேடிப் பாரு, எந்தப் பக்கத்துல இருக்குன்னு."

தேடினேன். எந்தப் பக்கத்திலும் இல்லை. சங்கத்துக்கும் ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டேன், தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"ஏன்டா பண்ற?" என்று லைலிடம் அப்போதே கேட்டிருந்தேன். "மூணு செட்டும் எங்களை அடிச்சுட்டுப் போனாளுங்க. அதை ஜெயிப்புன்னு பலகைல எழுதி வச்சிருக்கோம். பாக்கறப்பல்லாம் வெக்கமா இருக்கு" என்றான். இந்த மடையனைப் போன வருஷம் எத்தனை பேர் முன்னால் கேலி செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். அது அவனுக்குத்தான் கூச்சமாகிவிட்டது, ஃபோனை வைத்துவிட்டான்.

அக்டோபர் 11, சனி

மாடுகள் வந்து இறங்கின. நான் ரோட்டோரம் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாளிகூடத் தூக்கக்கூடாது. அடிப்பாவி கோரின், மாட்டுக்காரன் மகள், கையைக் கட்டிக்கொண்டு! இறக்கியதெல்லாம் நார்விக் ஆட்கள்தான். ஒரு மாடு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. கண்ணாடியை இறக்கி, "வாலைப் பிடிக்காதடா, பக்கத்துல நின்னு தள்ளு!" என்று கத்தினேன். லைல் திரும்பி, "அட்வைஸும் உதவிதான், விதிமீறல்!" என்று கத்தினான்.

அக்டோபர் 12, ஞாயிறு

பழைய வீட்டைச் சோதிக்கப் போனேன். இந்த முறை ஒவ்வொரு அறையாக. கட்டில் இல்லை. அலமாரியில் ஒரு தட்டில்லை. கொட்டகையில் வைக்கோல் வாசம் மட்டும் மிச்சம். டுவேன் சாவியை நீட்டி, "பாத்துக்கோங்க, இங்க யாருமில்ல" என்றார். அந்த வீட்டில் பிறந்தவர். படிவத்தைச் சுவரில் வைத்துத்தான் எழுத வேண்டியிருந்தது, மேஜை இல்லாததால்.

அக்டோபர் 15, புதன்

அனுமதி வந்துவிட்டது. ஜோடி என் அறைக்கு வந்து, பொரித்த சீஸ் துண்டுகள் ஒரு பொட்டலம் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். சமாதானம்.

அக்டோபர் 21, செவ்வாய்

மாநிலப் போட்டிக்கு வழியான மண்டலப் போட்டி, முதல் சுற்று. இதில் எல்லாப் பள்ளிக்கும் இடமுண்டு. அத்தனை தோல்வியோடு நாங்கள் பட்டியலின் அடியில், அதனால் நார்விக் அரங்கத்துக்கே போய் ஆட வேண்டி வந்தது. எல்லாரும் எங்களைக் கழித்துக் கட்டிவிட்டார்கள். நான் கட்டவில்லை.

முதல் செட் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில் ப்ரிட்டா சர்வீஸ் போடப் பந்தைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. டுவேன். தலை ஈரமாக, புதுச் சட்டையில் மடிப்பு கலையாமல். அன்றைய கறவையை லைலின் தம்பி ஏற்றுக்கொண்டானாம். ப்ரிட்டா பார்த்துவிட்டாள். பந்தை நேராக வலையில் அடித்தாள். எங்கள் பக்கம் ஐயோ என்றது. அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகையில் ஏறும் புள்ளிகளைக் காட்டிக் கேட்டார்.

"எத்தனைல முடியும்ங்க?"

"இருபத்தஞ்சு." திரும்பிப் பார்த்தேன். "நீங்க இதுக்கு முன்ன..."

"இல்ல. ஆட்டமும் கறவையும் ஒரே நேரம். எட்டு வயசுல இருந்து ஆடுறா. ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இது ஏன் நமக்கு, அது ஏன் அவர்களுக்கு. நான்காவது செட்டில் நான் சொல்வதற்கு முன்பே எழுந்து நின்று கை தட்டினார். ஐந்தாவதில் எனக்கும் சேர்த்து அவரே கத்தினார்.

மூன்றுக்கு இரண்டு. ஜெயித்தோம். லைல் ஆடுகளத்தைக் கடந்து வந்து என் கையைக் குலுக்கி, "அந்தக் கொட்டகைய எப்பவோ இடிச்சிருக்கணும்" என்றான்.

டுவேன் எழவில்லை. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கும்மாளம் போடுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அடுத்தது எப்பங்க?"

"வியாழக்கிழமை. ஏழு மணிக்கு."

விரலில் மணி எண்ணிப் பார்த்தார்.

"வந்துடறேன்" என்றார்.