மூன்றாவது பெட்டியில் டீ கலக்கியவன்

மச்சான்,

இன்று காலை முகம் மழிக்கச் சோப்பைக் குழைத்தேன். அந்த வாசனை வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தனியாகச் சிரித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சவரச் சோப்பு வாசனை என்றாலே எனக்கு நம் மணியத்தின் மீசைதான். சேதி என்னவென்று உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், அந்த மீசையேதான். உனக்குச் சேர வேண்டியதை உன் மகள் வாங்கிவிட்டாள். எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன். இந்த ஒரு தடவையாவது நடுவில் புகுந்து பேசாமல் கேள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நீ செம்பனை ஆலையில், நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில். சனி ஞாயிறு வந்தால் நீ ரேடியோ செட் முதலாளி. ஜெராமில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் மூன்று ஸ்பீக்கர் பெட்டிகளும்தான் உன் மொத்தச் சொத்து. பத்தாங் பெர்ஜுந்தாயைச் சுற்றி எந்தத் தோட்டத்துக் குடியிருப்பில் கல்யாணம், திருவிழா என்றாலும் லோரியிலிருந்து முதலில் இறங்குவது உன் பெட்டிகள்தான். ஊருக்கெல்லாம் சாமிப் பாட்டும் சினிமாப் பாட்டும் போட்டு முடித்தபின் உனக்கென்று ஒரு கேசட்டை எடுப்பாய். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய இங்கிலீஷ் கேசட். அட்டையில் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே பாட்டு.

தோட்டத்தில் அந்தக் கேசட்டுக்கு மரியாதையே கிடையாது. மணியம் ரொம்ப நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, "டேய், பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

"இதுதான்டா பாட்டு."

"அப்ப பாடுறவன் எங்க லா? சாப்பிடப் போயிட்டானா?"

எனக்கும் சத்தியமாக ஒன்றும் விளங்கியதில்லை. ஆனால் நீ கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லாத டிரம்மைப் போட்டு அடித்துக்கொண்டிருப்பாய். அதைப் பார்க்கவே நான் உட்கார்ந்திருப்பேன்.

மணியத்தின் அக்கா கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம்தான் அது நடந்தது. பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. பின்பக்கம் பெண்கள் அண்டா குண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். உன் மூன்றாவது பெட்டி அவர்களுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நீ வயர்களை அவசர அவசரமாக மாட்டிவிட்டு அந்தக் கேசட்டைப் போட்டாய். பின்னால் இருந்த பெட்டியில் மட்டும் பாடகனின் குரலே வரவில்லை. பெட்டி கெட்டுவிட்டதோ என்று பார்க்கப் போன நீ, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய்.

"மச்சான், பின்னால ஒருத்தன் டீ கலக்குறான்!"

"யாருடா?"

"பாட்டுக்குள்ள லா! கிளாஸ்ல கரண்டி போட்டுக் கலக்குறான். அப்புறம் விளிம்புல ரெண்டு தட்டு தட்டிட்டு கிளாசைக் கீழ வைக்கிறான். சத்தியமா கேட்டேன்டா!"

நாங்கள் எழுந்து வருவதற்குள் நாடா சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்கக் குடல் மாதிரி வெளியே வந்தது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தாய், பலிக்கவில்லை. மணியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அங்க எங்க அத்தைங்க சட்டி கழுவுறாங்கடா! வெள்ளைக்காரன் வேலை வெட்டி இல்லாம உனக்கு டீ கலக்குறானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "சிரிங்கடா. ஆனா நான் கேட்டது கேட்டதுதான்" என்றாய். உடனே மணியம், அப்போதுதான் கருகருவென்று வளர்ந்திருந்த தன் மீசையை முறுக்கிக்கொண்டு பந்தலுக்கே கேட்கும்படி சொன்னான்: "அந்தப் பாட்டுல மட்டும் கரண்டிச் சத்தம் இருந்துச்சுன்னா என் பாதி மீசைய எடுத்துடுறேன்!"

அன்றோடு உன் சொந்தப் பெயர் போய் 'கரண்டி' வந்து ஒட்டிக்கொண்டது.

நீயும் விடவில்லை. அடுத்த சம்பளத்திலேயே அதே பாட்டுக்கு வேறு கேசட் வாங்கினாய். இந்த முறை வயரையெல்லாம் ஒழுங்காக, பார்த்துப் பார்த்து மாட்டினாய். மூன்றாவது பெட்டியில் குரல் கணீரென்று வந்தது, கரண்டி வரவில்லை. பிறகு அதே பாட்டு குறுந்தட்டில் வந்தது, அதிலும் இல்லை. அன்று என்ன வித்தியாசமாக நடந்தது என்று யோசித்து யோசித்து நீ மண்டையை உடைத்துக்கொண்டாய். நான் உன் கட்சிதான். எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை, இருந்தும் உனக்காக மணியத்தோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! நீ எதைக் கூட்டிச் சொன்னாலும் சொல்வாய், கேட்காததைக் கேட்டேன் என்று சொல்ல மாட்டாய்.

கேலி வெறும் கேலியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆலையில் மெஷின் சத்தம் மாறுகிறது என்று நீ சொன்னால், "என்ன கரண்டி, உள்ள டீ கலக்குறானா?" என்றார்கள். கலும்பாங்குக்குப் பெண் பார்க்கப் போனோமே, அங்கே பெண்ணின் மாமா உன்னைப் பார்த்ததும், "நீங்கதானே கரண்டி?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பெண் டீ கொண்டுவந்து, கிளாசில் கரண்டியைப் போட்டுக் கலக்கினாள். மொத்த வீடும் கொல்லென்று சிரித்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியாமல் கண் கலங்கிவிட்டது. நீ எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்து, "நான் பொய் சொல்ற ஆளு இல்லைங்க. அத மட்டும் நீங்க நம்பினாப் போதும்" என்றாய். அவள் நம்பினாள். கடைசிவரை நம்பினாள்.

அவளுக்கும் உனக்கும் பிறந்த சங்கீதாவைப் பள்ளிக்கூடத்தில் 'கரண்டி மவ' என்று கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்த அன்று மட்டும்தான் உன் முகம் சுருங்கி நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட நீ ஜோக்கடித்தாய். "மணியத்துக்கிட்ட மீசையப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லு, ஒருநாள் வாங்காம விட மாட்டேன்" என்றாய். நானும் சிரித்தேன். வெளியே வந்து மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நின்று அழுதேன்.

போன ஞாயிறு உன் மூன்றாம் ஆண்டு நினைவுப் படையல். ரவாங்கில் சங்கீதாவின் புது வீட்டில். ஹாலைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஸ்பீக்கர். முன்னால், பக்கவாட்டில், நாற்காலிகளுக்குப் பின்னால். நீ இருந்திருந்தால் சாமி கும்பிடுவதை விட்டுவிட்டு அதைத்தான் சுற்றி வந்திருப்பாய். படையல் முடிந்ததும் அவள் ஒரு புது இசைத்தட்டை எடுத்து உன் படத்தின் முன்னால் வைத்தாள். உன் அந்த இங்கிலீஷ் கேசட்டின் அதே ஆல்பம், மச்சான். பழைய மூல நாடாக்களை எடுத்து, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஆளைச் சுற்றி ஒலிக்கும்படி புதிதாகக் கலந்திருக்கிறார்களாம்.

"நீ கேட்டுட்டியாம்மா?" என்று அவளிடம் ரகசியமாகக் கேட்டேன்.

"இல்ல மாமா. இல்லாமப் போச்சுன்னா? தனியாக் கேக்க பயமா இருந்துச்சு."

எனக்கும் பயம்தான். இதிலும் இல்லையென்றால், மாலை போட்ட உன் படத்துக்கு முன்னாலேயே உன்னைக் கரண்டி என்பார்கள். அதற்குப் பிறகு உன் சார்பில் கேட்க வேறு தட்டும் வரப்போவதில்லை. சங்கீதா மணியத்தை நடு நாற்காலியில் உட்காரவைத்தாள். தாத்தாவாகிவிட்டவன், மீசை முழுக்க நரைத்துவிட்டது, திமிர் மட்டும் குறையவில்லை. நானும் உன் மனைவியும் அவனுக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

பாட்டு ஆரம்பித்தது. என்னவென்று சொல்வது! அத்தனை வருஷம் ஒரே குழப்பமாகக் கேட்ட சத்தம், ஒவ்வொன்றும் தனித்தனி ஆளாக எழுந்து வந்து ஹாலில் நின்றது. டிரம் இந்தப் பக்கம், ஆர்கன் அந்தப் பக்கம், கிட்டார் தலைக்கு மேலே சுற்றியது. நீ கண்ணை மூடிக்கொண்டு எதைப் பார்த்தாய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மணியம் வழக்கம்போல, "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் பாதியில் எல்லாம் அடங்கி, ஆர்கன் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. அப்போது மணியம் சட்டென்று இடது தோளுக்குப் பின்னால் திரும்பி, கையை நீட்டிச் சொன்னான்:

"தங்கச்சி, எனக்குச் சீனி கொஞ்சமாப் போடும்மா."

உன் மனைவி அவனுக்கு முன்னால், பாயில், வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஸ்பீக்கரைத் தவிர யாரும் இல்லை. அந்த ஸ்பீக்கருக்குள் ஒரு ஆள் இன்னமும் டீ கலக்கிக்கொண்டிருந்தான். விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினான். கிளாசைக் கீழே வைத்தான்.

சங்கீதா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நான் எழுந்து நின்று, இந்த வயதில், இல்லாத டிரம்மைப் போட்டு அடித்தேன். நீ ஜெயித்துவிட்டாயடா!

பிறகு சங்கீதா விளக்கினாள். அன்று நீ அவசரத்தில் மூன்றாவது பெட்டியின் இரண்டு வயரையும் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சிவப்பு முனைகளிலேயே மாட்டியிருக்க வேண்டுமாம். அப்படி மாட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் குரல் மறைந்துபோய், ஓரத்தில் ஒளிந்திருக்கும் சத்தம் மட்டும் கேட்குமாம். நீ தப்பாக மாட்டியதால்தான் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சரியாக மாட்டித் தோற்றிருக்கிறாய்.

மணியம் உன் மருமகனின் சவர சாமானை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான். சோப்பு வாசனை ஹால்வரை வந்தது. வெளியே வந்தபோது வலப்பக்கம் வழவழவென்று இருந்தது, இடப்பக்கம் அப்படியே இருந்தது. "சொன்னது பாதிதானே லா" என்றான். அந்த முகத்தோடு உன் படத்துக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றான். "கேட்டது கேட்டதுதான்டா, மச்சான்" என்றான். அதே முகத்தோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

எனக்குச் சர்க்கரை வியாதி வந்து ரொம்ப காலமாகிறது. கடையில் தே ஓ கொசோங்தான் குடிக்கிறேன். சீனி இல்லை, பால் இல்லை, கலக்க அதில் ஒன்றுமே கிடையாது. நேற்று ஒரு கரண்டி கேட்டேன். "கொசோங்தானேண்ணே, என்னத்தக் கலக்கப் போறீங்க?" என்றான் கடைக்காரத் தம்பி. நன்றாகச் சத்தம் வரும்படி கலக்கினேன். விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினேன். கிளாசைக் கீழே வைத்தேன்.

முன் மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.